தீர்மான மாதிரிகளும் மருந்தின் விலையும்: ஒரு விமர்சன நோக்கு

1913ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே உருசியப் பேரரசின் விஞ்ஞானக் கழகத்தில் அந்திரேய் மார்க்கோவ் என்னும் கணிதவியலாளர் ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' என்ற செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளைத் தொடர்ச்சியாக எடுத்து, அவற்றை உயிர், மெய் என இருவகையாகப் பிரித்து அவர் எண்ணியிருந்தார். உயிர் 8,638, மெய் 11,362. ஓர் உயிரெழுத்தை அடுத்து மீண்டும் உயிரெழுத்தே வருவதற்கான நிகழ்தகவு 0.128 எனவும், மெய்யெழுத்தை அடுத்து உயிர் வருவதற்கான நிகழ்தகவு 0.663 எனவும் அவர் கண்டார். கவிதையின் பொருள் அவருடைய ஆய்வுக்கு வேண்டப்படவில்லை. ஒன்றையொன்று சார்ந்துவரும் நிகழ்வுகளின் தொடரைக் கணிதத்தாற் கையாள முடியும் என்று காட்டுவதே அவர் நோக்கமாயிருந்தது. அத்தகைய தொடரின் எளிய வடிவத்தில், அடுத்து வருவது எது என்பது இப்போது இருப்பதை மட்டுமே பொறுத்தது. அதற்கு முன் வந்தவை யாவும் மறக்கப்படுகின்றன.

அன்று ஒரு கவிதையின் எழுத்துகளை எண்ணப் பயன்பட்ட அச்சங்கிலி, இன்று மனிதரின் நோயையும் மரணத்தையும் எண்ணப் பயன்படுகின்றது. ஒரு புதிய மருந்தை அரசு வாங்கலாமா, கூடாதா என்னும் வினாவுக்கு விடை காண்பதற்காகப் பொருளியலார் அமைக்கும் 'தீர்மான மாதிரி'களுள் பெரும்பாலானவை மார்க்கோவின் வழிவந்தவையே. இத்துறைக்குள் இலக்கிய மாணவர் நுழைவதேன் என்று வினவப்படலாம். எமது விடை எளியது. தீர்மான மாதிரி என்பதும் ஆக்கப்பட்ட ஒரு பனுவலே. அதற்குள் யார் இடம்பெறுகின்றனர், யார் விடப்பட்டனர், கதை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எது மாறக்கூடியது, எது மாறாதது என்பனவெல்லாம் அதனை ஆக்கியோரின் தெரிவுகள். இத்தகைய தெரிவுகளைக் கேள்விக்குட்படுத்துவதே விமர்சனத்தின் தொழில். எண்களால் எழுதப்பட்டது என்ற காரணத்தினால் மட்டும் ஒரு பனுவல் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகி விடாது.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் நூல், அன்ட்ரூ பிரிக்ஸ், மார்க் ஸ்கல்பர், கார்ல் கிளாக்ஸ்ரன் ஆகிய மூவரும் எழுதி 2006இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட தீர்மான மாதிரியாக்கம் பற்றிய பாடநூலாகும். இத்துறையில் அடியெடுத்து வைப்போர் பலரும் முதலிற் கையிலெடுப்பது இதுவே. நூல் தெளிவானது. ஆசிரியர்கள் தமது எடுகோள்களை மறைப்பவரல்லர். அக்காரணத்தினாலேயே அதனைக் கூர்ந்து வாசிக்க முடிகின்றது. மங்கலாக எழுதப்பட்ட நூலை விமர்சிப்பது நிழலோடு போரிடுவதை ஒக்கும்.

முதலில் முறையின் அடிப்படையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். இரு சிகிச்சைகள் உள்ளன. புதியது கூடிய பயன் தருகின்றது. கூடிய செலவும் வைக்கின்றது. மேலதிகச் செலவை மேலதிகப் பயனால் வகுத்தால், ஓர் அலகுப் பயனை எவ்வளவு கொடுத்து வாங்குகின்றோம் என்பது தெரியவரும். பயனை வாழ்வாண்டுகளால் அளக்கலாம். அல்லது நோயின் துன்பத்துக்கேற்ப ஒவ்வோர் ஆண்டையும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே எடையிட்டுத் 'தரஞ்சார் வாழ்வாண்டு' என்னும் அலகால் அளக்கலாம். மருத்துவப் பரிசோதனைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ முடிந்துவிடுவன. நோயாளியோ அதற்குப் பின்னரும் வாழ்பவர். பரிசோதனை நின்ற இடத்திலிருந்து வாழ்நாளின் முடிவு வரையுள்ள இடைவெளியை நிரப்புவதற்கே மாதிரி தேவைப்படுகின்றது. இத்தேவை உண்மையானது என்பதில் எமக்கு ஐயமில்லை.

பாடநூலிலே திரும்பத் திரும்ப வரும் உதாரணம் ஒன்றுண்டு. எச்.ஐ.வி. தொற்றியவர்க்குச் சிடோவுடின் என்ற மருந்தை மட்டும் கொடுப்பதா, அதனுடன் லமிவுடின் என்பதையும் சேர்த்துக் கொடுப்பதா என்பது வினா. 1997இல் பிரித்தானிய நிலைமைகளை வைத்து வெளியிடப்பட்ட மாதிரி அது. நோயாளர் நான்கு நிலைகளில் ஒன்றில் இருப்பர். குருதியில் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் ஓரளவு குறைந்த நிலை, மேலும் குறைந்த நிலை, எயிட்ஸ் நிலை, மரணம் என்பன அவை. 1,000 பேர் முதல் நிலையிற் புறப்படுகின்றனர். ஒருமருந்துச் சிகிச்சையில் ஓராண்டு கழிந்ததும் 721 பேர் இருந்த இடத்திலேயே இருப்பர். 202 பேர் இரண்டாம் நிலைக்கும், 67 பேர் எயிட்ஸ் நிலைக்கும் செல்வர். 10 பேர் இறப்பர். இரட்டை மருந்து நோய் முன்னேறும் வாய்ப்பை 0.509 மடங்காகக் குறைக்கின்றது. எனவே 721 என்பது 858 ஆகின்றது. இவ்வாறு 20 ஆண்டுகளுக்குக் கணக்கு நீள்கின்றது. இறுதியில், புதிய மருந்தினால் ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கின்றது என்றும், ஒரு வாழ்வாண்டைப் பெறுவதற்கு 6,276 பவுண் செலவாகின்றது என்றும் முடிவு பெறப்படுகின்றது.

இப்பனுவலின் கதையோட்டத்தைச் சற்று நோக்குவோம். இந்த ஆயிரம் பேருக்கும் முற்பிறப்பில்லை. இரண்டாம் நிலையில் இருப்பவர் அங்கே நேற்று வந்தவரா, ஐந்து ஆண்டுகளாக இருப்பவரா என்பதை மாதிரி அறியாது. இது மார்க்கோவ் சங்கிலியின் இயல்பு. நூலாசிரியர்களும் இதனை ஒப்புக்கொண்டு, இதனைத் தளர்த்தும் வழிகளைக் கூறுகின்றனர். இதனிலும் முக்கியமானது வேறொன்று. அம்மாதிரியில் எவரும் பின்னோக்கி வருவதில்லை. இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு மீளும் அம்புக்குறி வரையப்படவேயில்லை. நோய் ஒருவழிப் பாதை. அதிற் செல்லும் வேகத்தைக் குறைக்கலாமேயன்றித் திரும்ப முடியாது என்பதே அதன் உள்ளார்ந்த நோக்கு. 1990களின் முற்பகுதிக்கு அது பொருத்தமான நோக்கே. ஆனால் மாதிரி அச்சேறுவதற்கு முன்னரே, 1996 யூலையில் வன்கூவர் நகரில் நடைபெற்ற அனைத்துலக எயிட்ஸ் மாநாட்டிலே மூன்று மருந்துகளை இணைத்து வழங்கும் சிகிச்சையின் பெறுபேறுகள் வெளிவந்துவிட்டன. படுக்கையிற் கிடந்தவர்கள் எழுந்து தொழிலுக்குச் சென்றனர். உயிரணு எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது. மாதிரி இல்லையென்று கூறிய பாதையில் மனிதர்கள் நடந்து வந்தனர்.

இதனை ஆக்கியோரின் பிழையாகக் கொள்வது முறையன்று. எந்த மாதிரியும் தன் காலத்து அறிவின் எல்லைக்குட்பட்டது. ஒரு படைப்பைப் பிற்கால அளவுகோலால் மட்டும் அளந்து குறைகாண்பதை இலக்கிய விமர்சனத்திலும் நாம் ஏற்பதில்லை. ஆயினும் காலத்தின் அறிவெல்லை வேறு, நோக்குநிலையின் எல்லை வேறு. முதலாவதை மன்னிக்கலாம். இரண்டாவதை இனங்காட்ட வேண்டும்.

நோக்குநிலையின் எல்லை எங்கே தெரிகின்றதெனில், விலையிலே தெரிகின்றது. மாதிரியின் கணியங்கள் உறுதியற்றவை என்பதை நூலாசிரியர்கள் மிகுந்த கவனத்துடன் கையாளுகின்றனர். 721 என்பது ஒரு மதிப்பீடே. உண்மை அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ இருக்கலாம். ஆகவே அதற்கு ஒரு நிகழ்தகவுப் பரம்பல் கொடுக்கப்படுகின்றது. 0.509 என்பதற்கும் அவ்வாறே. வைத்தியசாலைச் செலவுக்கும் சமூகப் பராமரிப்புச் செலவுக்கும் அவ்வாறே. கணினி இப்பரம்பல்களிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை எண்களை எடுத்து, முடிவு எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகின்றது. நூலின் சிறப்பான பகுதிகள் இதனைப் பற்றியனவே. ஆனால் இரண்டு எண்களுக்கு மட்டும் பரம்பல் இல்லை. சிடோவுடின் ஆண்டுக்கு 2,278 பவுண். லமிவுடின் ஆண்டுக்கு 2,086.50 பவுண். மனித உடல் ஐயத்துக்குரியது, மரணம் ஐயத்துக்குரியது, வைத்தியசாலைக் கட்டிலின் செலவும் ஐயத்துக்குரியது, மருந்தின் விலை மட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

இதற்கு நியாயம் இல்லாமலில்லை. விலைப்பட்டியலில் அச்சிடப்பட்ட எண்ணைத் தீர்மானிப்பவர் அறிவார். அதிலே மாதிரியெடுப்பு வழு எதுவுமில்லை. ஆகவே பரம்பல் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். புள்ளிவிபரவியல் நோக்கில் இது சரியே. ஆயின் 'ஐயமற்றது' என்பதும் 'மாற்றமுடியாதது' என்பதும் ஒன்றல்ல. ஐயமின்றி அறியப்பட்ட ஒன்றை மனிதர் மாற்றலாம். மாற்றக்கூடியதொன்றை, அறியப்பட்டது என்ற காரணத்தால் இயற்கையின் நியதியோடு ஒரே பட்டியலில் வைத்துவிடும்போது, சமூக உறவொன்று பொருளின் இயல்பாகத் தோற்றம் பெறுகின்றது. பண்டத்தின் மாயத்தோற்றம் பற்றி மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதலாம் தொகுதியிற் கூறியதை இங்கே விரிவாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. இவ்வேட்டின் வாசகர் அதனை அறிவர்.

நாமே அம்மாதிரியை மீளக் கணித்துப் பார்த்தோம். இரட்டை மருந்தை ஈராண்டுக்குக் கொடுப்பதாகவே மாதிரி கொள்கின்றது. எதிர்காலச் செலவுகள் ஆண்டுக்கு 6 சதவீதம் கழிவு செய்யப்படுகின்றன. ஒருவர்க்கான மேலதிகச் செலவு 5,900 பவுணுக்குச் சற்று மேல். அதில் லமிவுடினின் விலை மட்டும் ஏறத்தாழ 3,800 பவுண், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவ்விலை பாதியாயின் 6,276 என்ற எண் ஏறத்தாழ 4,300 ஆகிவிடும். எஞ்சிய மூன்றிலொரு பங்கு எங்கிருந்து வருகின்றது? கூடுதற் காலம் உயிரோடிருப்பவர்க்குத் தொடர்ந்து பராமரிப்பு வேண்டும், அதற்குச் செலவாகும். இறந்தவர் செலவு வைப்பதில்லை. இதனை வாசிக்கும் எவர்க்கும் ஒரு கணம் உறுத்தல் உண்டாகும். உண்டாகவும் வேண்டும். எனினும் கணக்கு என்ற வகையில் அது உண்மையே என்பதை மறுப்பதற்கில்லை.

விலை மாற்றக்கூடியது என்று நாம் கூறுவது வெறும் கோட்பாட்டுரையன்று. 2000ஆம் ஆண்டளவில் மூவகை மருந்துச் சிகிச்சைக்குச் செல்வந்த நாடுகளில் ஒருவர்க்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேற் செலவாகியது. 2001 பெப்ரவரியில் மும்பாயிலுள்ள சிப்லா நிறுவனம், 'எல்லைகளற்ற வைத்தியர்கள்' அமைப்புக்கு அத்தகைய சிகிச்சையை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. அம்மூன்று மருந்துகளுள் ஒன்று, நாம் மேலே பார்த்த அதே லமிவுடின். மூலக்கூறு ஒன்றே, அதன் மருத்துவ ஆற்றலும் ஒன்றே. இடையிலே நின்றது காப்புரிமைச் சட்டம். 1970இல் இயற்றப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கன்றி அதனைத் தயாரிக்கும் செய்முறைக்கே காப்புரிமை வழங்கியது. வேறு செய்முறையால் அதே மருந்தை ஆக்க இந்தியக் கம்பனிகளால் முடிந்தமைக்கு அதுவே காரணம். 2005இல் உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கேற்ப அச்சட்டம் திருத்தப்படும்வரை இந்நிலை நீடித்தது. தென்னாபிரிக்க அரசின் மருந்துச் சட்டத்துக்கெதிராக 39 மருந்துக் கம்பனிகள் தொடுத்த வழக்கு, மக்களின் எதிர்ப்பின் முன்னே 2001 ஏப்பிரலிற் கைவிடப்பட்டது. 2023இல் உலக நிதியம், லமிவுடினையும் உள்ளடக்கிய மூவகை மாத்திரையை ஆண்டுக்கு 45 டொலருக்குக் குறைவாகக் கொள்வனவு செய்ய உடன்பாடு கண்டது. ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக மாதிரியில் நின்ற எண், உண்மையுலகில் எல்லாவற்றிலும் கூடுதலாக மாறிய எண்ணாயிற்று.

இவ்வுண்மையை எமது நாட்டவர் பிறரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராயிருந்த சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அரசுக்கு அளித்த அறிக்கையின் சாரமே மருந்தின் விலை கொள்கையால் மாற்றத்தக்கது என்பதுதான். அவ்வாண்டில் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் இனப்பெயரால் உலகளாவிய கேள்விமனுக் கோரி வாங்கத் தலைப்பட்டது. ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகளின் பட்டியல் 600 அளவுக்குச் சுருக்கப்பட்டது. பிபிலே 1977இல் மறைந்தார். தீர்மான மாதிரி எதனையும் அவர் வரைந்தாரில்லை. ஆனால் மாதிரிகள் மாறிலியாகக் கொள்வதை மாறியாகக் கொண்டு தொடங்கியமையே அவருடைய சிந்தனையின் தனித்துவம்.

மாறிலிகளைத் தவறாகத் தெரிவதன் விளைவு ஏட்டுச்சுரைக்காயாக நின்றுவிடுவதில்லை. 2002 மே மாதத்தில் 'லான்செற்' மருத்துவ ஏட்டிலே ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஆபிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் எச்.ஐ.வி. தடுப்புப் பணி, சிகிச்சையைவிடக் குறைந்தது 28 மடங்கு செலவு விளைதிறன் உடையது என்றும், ஆதலின் தடுப்புக்கு முதலிடம் அளிக்கப்படல் வேண்டும் என்றும் அதன் ஆசிரியர்கள் வாதிட்டனர். அவர்களுடைய நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. கூடுதலான உயிர்களைக் காப்பது எவ்வாறு என்பதே அவர்கள் கவலை. தடுப்புப் பணி புறக்கணிக்கப்படக்கூடும் என்ற அவர்களது அச்சமும் வெறும் கற்பனையன்று. ஆயினும் அவ்வாதத்தின் அமைப்பை நோக்குக. தடுப்பு ஒரு பெட்டி, சிகிச்சை மற்றொரு பெட்டி, பணம் ஒரே பை. ஒன்றில் இடுவது மற்றொன்றில் இருந்து எடுப்பதே. ஏற்கெனவே தொற்றுக்குள்ளான இலட்சக்கணக்கானோர் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் தருக்கரீதியான பொருள். காத்திருத்தல் என்பது அவர்கள் விடயத்தில் இறத்தல்.

வரலாறு இவ்வமைப்பின் மூன்று தூண்களையும் அசைத்தது. பை பெருத்தது. 2002இல் உலக நிதியம் செயற்படத் தொடங்கியது. 2003இல் ஐக்கிய அமெரிக்காவின் பெருநிதித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு முடிவுக்குள் முப்பது இலட்சம் பேருக்குச் சிகிச்சை என்ற இலக்கை முன்வைத்தது. இவை கருணையால் மட்டும் விளைந்தனவல்ல. தென்னாபிரிக்காவிலும் பிறவிடங்களிலும் நோயாளரே தெருவுக்கு வந்து நடத்திய போராட்டம் அவற்றுக்குப் பின்னணியாக இருந்தது. விலை வீழ்ந்ததை மேலே கண்டோம். மூன்றாவதாக, பெட்டிகளுக்கு இடையிலான சுவரே இல்லாமற் போயிற்று. 1,763 தம்பதியரைக் கொண்டு நடாத்தப்பட்டு 2011இல் வெளியான பரிசோதனை, தொற்றியவர்க்கு முன்கூட்டியே சிகிச்சையளித்தால் அவரிடமிருந்து துணைவர்க்கு நோய் பரவுவது 96 சதவீதத்தால் குறைகின்றது எனக் காட்டியது. சிகிச்சையே தடுப்பு என்றாயிற்று. 28 என்ற எண்ணின் வகுக்கும் கோட்டுக்கு மேலும் கீழும் இருந்தவை ஒன்றுக்குள் ஒன்றாயின.

இவ்வளவையும் கூறியபின், முற்போக்காளர் சிலர் வந்தடையும் முடிவொன்றை நாம் மறுத்துரைக்க வேண்டியிருக்கின்றது. மனித உயிருக்கு விலை குறிப்பதே இழிவு. ஆதலின் இத்தகைய கணக்குகளை முற்றாக ஒதுக்கிவிடல் வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இது கேட்பதற்கு உணர்ச்சியூட்டுவது. ஆனால் ஆராய்ந்து பார்க்கின் பிழையானது. கணக்கை ஒதுக்கிவிட்டால் தெரிவு ஒதுங்கிவிடாது. கட்டில்கள் பத்தும் நோயாளர் பதினைந்துமாக இருக்கையில் எவரோ ஒருவர் ஐவரை வெளியே நிறுத்தத்தான் போகின்றார். எழுத்திலே கணக்கு இல்லாதவிடத்து, அமைச்சரின் உறவும், வைத்தியரின் விருப்பும், நோயாளரின் பணமும், அவருடைய சாதியும் மொழியுங்கூடக் கணக்கிடும். அக்கணக்கை எவரும் வாசிக்கவும் முடியாது. அதனோடு வழக்காடவும் முடியாது.

இங்கிலாந்தின் அனுபவம் இவ்விடத்தே கருதத்தக்கது. 1999இல் அங்கே அமைக்கப்பட்ட தேசிய நிறுவகம், புதிய சிகிச்சைகளைப் பொதுச் சுகாதார சேவை வாங்கவேண்டுமா எனத் தீர்ப்புக் கூறுகின்றது. ஒரு தரஞ்சார் வாழ்வாண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண் வரை என்பது நெடுங்காலம் அதன் எல்லையாக இருந்து வந்தது. இவ்வெல்லைக்குட்பட்ட மருந்து ஏற்கப்பட்டதும் அதனைப் பெறுபவர் புகைப்படத்தோடு செய்தித்தாளில் வருவார். மறுக்கப்பட்டாலும் வருவார். ஆனால் அம்மருந்துக்கான பணம் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அங்கே சிகிச்சை பிந்தியவர் எவர்க்கும் புகைப்படம் இல்லை. மூட்டுவலியோடு இன்னும் ஆறு மாதம் காத்திருந்த முதியவளுக்கோ, தாதி குறைந்த விடுதியிற் கிடந்த மனநோயாளிக்கோ, தாம் எதனை இழந்தோம் என்பதே தெரியாது. நாம் விமர்சித்த நூலின் ஆசிரியருள் ஒருவரான கிளாக்ஸ்ரன் பிறரோடு சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இம்முகமற்றோரை எண்ண முயன்றது. சுகாதார சேவையிலிருந்து ஏறத்தாழ 12,936 பவுண் எடுக்கப்படும்போதெல்லாம் எங்கோ ஒருவர் ஒரு தரஞ்சார் வாழ்வாண்டை இழக்கின்றார் என்பது அதன் மதிப்பீடு. இதனை ஏற்பின், 30,000 பவுணுக்கு ஓராண்டை வாங்குகையில் வேறெங்கோ இரண்டாண்டுக்கு மேல் இழக்கப்படுகின்றது. மருந்துக் கம்பனிகளின் ஆதாயத்துக்கு எதிராக இதனிலும் வலிய சான்றை எந்த மேடைப் பேச்சும் தந்ததாக நாம் அறியோம். கணக்கு ஆளுவோரின் கையிலுள்ள ஆயுதம் மட்டுமன்று.

அவ்வெல்லையோ அண்மையில் உயர்ந்தது. 2025 டிசெம்பரில் பிரித்தானிய அரசு ஐக்கிய அமெரிக்காவுடன் மருந்து விலைகளும் வர்த்தக வரிகளும் தொடர்பாகச் செய்துகொண்ட உடன்பாட்டின் ஒரு கூறாக, அதனை 25,000 முதல் 35,000 பவுணாக உயர்த்த இணங்கியது. புதிய மருத்துவச் சான்று எதனாலும் நேர்ந்த மாற்றமன்று அது. ஏற்றுமதி வரி பற்றிய பேரத்தில் கைமாறிய ஓர் எண். அவ்வெண்ணின் மறுபக்கத்தில் இருப்போர் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்கப்படவில்லை.

எனவே எமது கோரிக்கை மாதிரிகளை எரிப்பது அன்று, திறப்பது. இதிலும் இங்கிலாந்திலே ஒரு முன்னுதாரணம் உண்டு, அது விசித்திரமானது. அல்சைமர் நோய்க்கான டொனெபெசில் முதலிய மருந்துகளை 2001இல் நோயின் தொடக்கநிலையினர்க்கும் ஏற்றுக்கொண்ட தேசிய நிறுவகம், 2006இல் அவற்றை நடுத்தர நிலையினர்க்கு மட்டும் என வரையறுத்தது. அத்தீர்ப்புக்கு ஆதாரமான மாதிரி ஒரு கணினி விரிதாளாக இருந்தது. சம்பந்தப்பட்டோர்க்கு வழங்கப்பட்ட பிரதியைப் பார்க்கலாம், இயக்க முடியாது. எடுகோளொன்றை மாற்றினால் முடிவு என்னாகும் என்று சோதித்தறிய வழியில்லை. மருந்தை விற்கும் ஐசாய் நிறுவனம் நீதிமன்றை நாடியது. 2008 மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம், முழுமையாக இயங்கக்கூடிய மாதிரியைத் தர மறுத்தமை நியாயமான நடைமுறைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பூட்டிய கதவைத் திறந்தது ஒரு கம்பனியின் இலாப நோக்கு. தொழிற்சங்கமோ நோயாளர் அமைப்போ செய்யவேண்டியிருந்த காரியம் அது. அவ்வழக்கில் அல்சைமர் சங்கமும் ஒரு தரப்பாக நின்றது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். எனினும் விரிதாளை இயக்கிப் பார்க்கும் நிபுணரை அமர்த்துவதற்குப் பணம் இருந்தது கம்பனியிடமே.

அதே வழக்கின் முதற்கட்டத்தில், 2007இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலே எமது கவனத்தை ஈர்க்கும் மற்றொரு பகுதி உண்டு. நோயின் நிலையை நிர்ணயிக்க 30 புள்ளிகள் கொண்ட வினாத்தாள் ஒன்று பயன்பட்டது. நாள், இடம், சொற்களை நினைவிற் கொள்ளல், வாக்கியம் எழுதல் என்பன அதில் அடங்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்கும் கற்றற் குறைபாடு உள்ளவர்க்கும் இவ்வளவுகோல் எவ்வாறு பொருந்தும் என்பதை நிறுவகம் கருத்திற் கொள்ளவில்லை என்றும், அது பாரபட்சத்துக்கெதிரான சட்டக் கடமையை மீறியது என்றும் நீதிமன்றம் கண்டது. இலண்டனில் முதுமையடைந்த எம்மவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய 18 புள்ளியில் நோய்க்குரியது எவ்வளவு, மொழிக்குரியது எவ்வளவு? மாதிரியினுள்ளே நுழையும்போது அது வெறும் 18. மாதிரியின் கணிதம் எவ்வளவு நுட்பமானதாயினும், வாயிலில் நின்று அவரை எடைபோட்ட தராசு ஆங்கிலத்திற் பேசிற்று.

வழக்கு முடிந்ததும் தீர்ப்பு உடனே மாறிவிடவில்லை. புதிய சான்றுகளும் புதிய மாதிரியும் ஆராயப்பட்டு, 2011 மார்ச்சிலேயே தொடக்கநிலை நோயாளர்க்கும் அம்மருந்துகள் அனுமதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டொனெபெசிலின் காப்புரிமை அங்கே காலாவதியாயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பவுண் என்று ஆண்டுக்கணக்காக வாதிடப்பட்ட மருந்தின் விலை, பல கம்பனிகள் அதனை ஆக்கத் தொடங்கியதும் அதன் சிறு பின்னமாகச் சுருங்கியது. நோயும் மாறவில்லை, மாத்திரையும் மாறவில்லை, வினாத்தாளின் புள்ளிகளும் மாறவில்லை. விரிதாளின் ஒரே கலத்தில் இருந்த எண் மாறியது. அதன்பின் அம்மருந்து செலவுக்கேற்ற விளைதிறன் உடையதா என்று வழக்காட எவரும் நீதிமன்றப் படியேறவில்லை.